புளி வேண்டாம், டார்ச் லைட்டை எடுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தாத்தா தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து காலமானவர். லயத்துக்குப் பின்னால் கோழிக்கூட்டைப் பிரித்தபோது கூரையாகக் கிடந்த நாலடி அலுமினியத் தகடு கிடைத்தது, வரிசையாக ரிவெட், மங்கிய மஞ்சள் பெயின்ட். பால் டின்னுக்குள் ஒரு வட்ட மீட்டரும் இருந்தது. ஜப்பான்காரன் விமானம் என்கிறார் மாமா. தேய்த்துப் பளபளப்பாக்கி ஹாலில் மாட்டலாமா? எந்த விமானம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மாட்டுங்கள் தம்பி, தேய்க்க மட்டும் வேண்டாம். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு பழைய பயிற்சி விமானத்தின் மூடித் தகட்டைக் குத்துவிளக்கு மாதிரி மினுக்கிக்கொண்டு போய் நின்றேன். சூப்பர்வைசர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நம்பர் எங்கேடா?" என்று கேட்டார். அது சேண்ட்பேப்பரோடு போய்விட்டிருந்தது.

விமானத் தகடு பெரும்பாலும் கலப்பு உலோகம், அரிப்பைத் தடுக்க அதன் மேல் இரு பக்கமும் சுத்த அலுமினியம் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். தகடு 0.8 மில்லிமீட்டர் என்றால் படலம் சுமார் 0.04 தான், அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் நம் ஊர் ஈரத்தில் வெள்ளைப் பொடி பூத்து உதிரும். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. ஸ்டீல் வுல்லும் கூடாது, அதன் இரும்புத் தூள் அலுமினியத்தில் சிக்கிக்கொண்டு அரிப்பைக் கூட்டும். மென்மையான சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், நிழலில் காயவைத்தல், அவ்வளவுதான். ரப்பர் பால் ஸ்டோரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் அலுமினியத்துக்கு ஆகாது, அம்மோனியா மீட்டரின் பித்தளைக்கு ஆகாது.

சரி, எந்த விமானம்? மஞ்சளை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிரிட்டிஷ் பயிற்சி விமானங்களிலும் மஞ்சள் உண்டு, ஜப்பான்காரர்களும் தங்கள் பயிற்சி விமானங்களுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள் அடித்தார்கள், அதனால் மாமா சொல்வதை இப்போதே தள்ளவும் முடியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் லைட்டைத் தகட்டோடு தகடாகச் சாய்த்துப் பிடியுங்கள், முக்கியமாக உள்பக்கம். நேராகப் பார்த்தால் தெரியாத முத்திரையும் எண்ணும் நிழலாக எழும்பும். ஜப்பானிய எழுத்து இருந்தால் மாமா ஜெயித்தார். முத்திரை எண் 88 போன்ற எண்ணும் கோடும் போட்டு ஆரம்பித்தால், அமெரிக்காவின் நார்த் அமெரிக்கன் கம்பெனி செய்த ஹார்வர்ட் என்ற பயிற்சி விமானமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்க்ரூ கிடைத்தால் மரையின் கோணத்தை அளந்து பாருங்கள், அமெரிக்க மரை 60 பாகை, பிரிட்டிஷ் விட்வர்த் மரை 55.

1950இல் தொடங்கிய மலாயா துணை விமானப் படை பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் மூன்று இடங்களிலும் டைகர் மோத், ஹார்வர்ட், அப்புறம் சிப்மங்க் என்ற பயிற்சி விமானங்களை ஓட்டியது. டைகர் மோத்தின் இறக்கை மரமும் துணியும், உடம்பு இரும்புக் குழாய் மேல் துணி, அதில் இத்தனை ரிவெட்டோடு நாலடித் தகடு வராது. என் சந்தேகம் ஹார்வர்ட் மேல்தான்.

இரண்டு ஆங்கில எழுத்தும் மூன்று எண்ணும் சேர்ந்து எங்காவது தெரிந்தால் அதிர்ஷ்டம், அது விமானத்தின் பதிவு எண். பிரிட்டிஷ் விமானப் படை ஒவ்வொரு விமானத்துக்கும் எந்தப் படைப்பிரிவுக்குப் போனது, எப்போது கழித்துக் கட்டப்பட்டது என்று ஒரு அட்டை எழுதி வைத்தது, படிவம் 78 என்பார்கள். லண்டனில் உள்ள அவர்களின் விமானப் படை அருங்காட்சியகத்துக்கு எண்ணோடு எழுதிக் கேட்கலாம்.

மீட்டர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். முள்ளும் எண்களும் பழுப்பு மஞ்சளாக இருந்தால் ரேடியம் பூச்சாக இருக்கலாம். இப்போது ஒளிரவில்லை என்றால் பூச்சின் மற்ற பொருள்தான் செத்திருக்கிறது, ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், படுக்கும் அறைக்கு வெளியே வையுங்கள். கதிர்வீச்சு அளக்கும் கருவியால் சோதித்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

தகட்டைத் தாத்தா காட்டிலிருந்து தூக்கி வந்தார் என்று தெரிந்தால் அந்த இடத்தைத் தோண்டக் கிளம்பாதீர்கள், அங்கே யாராவது இறந்திருக்கலாம். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டப்படி அப்படிக் கிடைக்கும் மரபுப் பொருளை மாவட்ட அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். தகடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள, தாத்தாவோடு பட்டறையில் வேலை செய்த மண்டோரோ (மேற்பார்வையாளர்) கிராணியோ (எழுத்தர்) யாராவது இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். லண்டனில் இருக்கும் அட்டை எங்கேயும் ஓடிவிடாது.