லெட்டூஸ் ஏன் முளைக்கவில்லை, ஏன் கசக்கிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பல வருடங்களாக மொட்டைமாடியில் கீரையும் கத்தரியும் வெண்டையும் வளர்த்து வருகிறேன். பேரப்பிள்ளைகள் விரும்பிக் கேட்டதால் மார்ச் மாதம் லெட்டூஸ் விதைத்தேன். முதல் முறை ஒரு விதைகூட முளைக்கவில்லை. இரண்டாம் முறை வீட்டுக்குள் வைத்ததும் முளைத்தது. ஆனால் நாற்றுகள் நூல்போல நீண்டு சாய்ந்துவிட்டன. தப்பிய நான்கு செடிகளும் மே மாதம் நடுவில் தண்டு விட்டு உயர்ந்தன. இலையை வாயில் வைக்க முடியாத கசப்பு. விதை மோசமா, உரம் போதவில்லையா?"

விதை நல்ல விதைதான்; வீட்டுக்குள் வைத்ததும் அது முளைத்ததே அதற்குச் சான்று. உரத்தையும் குறை சொல்வதற்கில்லை. முளைக்காமல் போனதற்கும் கசந்ததற்கும் வெயிலே காரணம்; நாற்று சாய்ந்ததற்கு மட்டும் வெளிச்சக் குறைவு காரணம். நம் தண்டுக்கீரையும் அரைக்கீரையும் வெயிலை விரும்பும் பயிர்கள் என்பதால், 'இதுவும் ஒரு கீரைதானே' என்று எண்ணி அதே பருவத்தில் விதைத்துவிடுகிறோம். லெட்டூஸோ சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, குளிர்ச்சியை நாடும் செடி.

இதன் விதை 15 முதல் 20 டிகிரி செல்சியஸில் நன்றாக முளைக்கும். ஏறத்தாழ 30 டிகிரியைத் தாண்டிய மண்ணில் நீரை உறிஞ்சிய பிறகும் பெரும்பாலான ரகங்கள் முளைக்காமல் அப்படியே இருந்துவிடும். சில நாள் அந்தச் சூட்டில் கிடந்தால் பிறகு குளிர்ந்தாலும் எளிதில் விழிக்காத உறக்கத்துக்குப் போய்விடும். உங்கள் மார்ச் மாத விதைக்கு நேர்ந்தது இதுதான்.

எனவே சமவெளியில் விதையை முதலில் குளிர்சாதனப் பெட்டியில் விழிக்க வைப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் விதைகளைப் பரப்பி, மடித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்துக் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள். பிறகு எடுத்து வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். ஓரிரு நாளில் துணியைப் பிரித்தால் விதையின் கூர்முனையில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை வேர் எட்டிப் பார்ப்பது தெரியும். அது நீண்டு துணியைப் பற்றிக்கொள்வதற்கு முன்பே, மாலை ஆறு மணிக்குப் பிறகு, நாற்றுத்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். நேரடியாக விதைப்பவர்களும் மாலையில் விதைப்பதே நல்லது; விதை நீர் குடிக்கும் முதல் சில மணி நேரம்தான் சூட்டுக்கு மிகவும் அஞ்சும் நேரம்.

விதையை ஆழப் புதைக்காதீர்கள். மேலே தூவி, விரலால் லேசாக அழுத்தி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மண் தூவினால் போதும். பல ரகங்களுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். சிவப்பு ஒளி விதையை முளைக்கச் செய்கிறது, தொலைசிவப்பு ஒளி (சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) அதைத் தடுக்கிறது என்பதை 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வாளர்கள் 'கிராண்ட் ராபிட்ஸ்' என்ற லெட்டூஸ் ரகத்தை வைத்தே காட்டினார்கள்; செடிகள் ஒளியை உணரும் விதத்தைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்தது.

நாற்று நூலாக நீண்டது, வெயிலுக்குப் பயந்து வெளிச்சத்தையும் சேர்த்து மறைத்துவிட்டதால் வந்தது. வெயில் வேறு, வெளிச்சம் வேறு. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் நேராக விழட்டும். நண்பகலுக்குப் பிறகு 50 சதவீத நிழல்வலை போதும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்ததுபோல் மெலிந்து நாற்று சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். அப்போது நீரைக் குறைத்து, நெருக்கத்தைக் களைத்து, காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை நவம்பர் நடுவில் விதையுங்கள். மூன்று நான்கு இலை விட்டதும் டிசம்பர் தொடக்கத்தில் ஓர் அடி இடைவெளியில் நடலாம். வேர் ஆழம் போகாது. அரை அடிக்குச் சற்று மேல் உயரமுள்ள பை போதும். செம்மண், நன்கு மக்கிய தொழு உரம், கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. பச்சையாகத் தின்னும் இலை என்பதால் பச்சைச் சாணமும், இலைமேல் தெளிக்கும் பஞ்சகவ்யமும் இதற்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். மேல்நிலைத் தொட்டிக் குழாயில் மதியம் முதலில் வரும் நீர் கையைச் சுடும்; அதைப் பிடித்து ஆறவைக்காமல் ஊற்றக் கூடாது.

ரகத்தில், உருண்டையாகக் கட்டும் ஐஸ்பெர்க் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உரியது. மதுரையில் அதற்கு முயல வேண்டாம். உருண்டை கட்டாமல் இலை விரிந்து வளரும் ரகங்கள் 45 முதல் 50 நாளில் தயாராகிவிடும்.

கசப்பைப் பற்றி: இலைக்காம்பைக் கிள்ளினால் வெட்டுவாயில் வெள்ளைப் பால் துளிர்க்கும். லாக்டூசின் போன்ற கசப்புப் பொருள்கள் அந்தப் பாலில்தான் இருக்கின்றன. சூடும் நீண்ட பகலும் செடியைப் பூக்கத் தூண்டும்போது பாலும் கசப்பும் கூடும். நடுத்தண்டு எழும்பிய பிறகு அதை வெட்டினாலும் பழைய சுவை திரும்பாது. ஆகவே நடுவிலிருந்து எழும்புவதற்கு முன்பே, வெளி இலைகளாக விடியற்காலையில் பறித்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள்.

உள்ளிருக்கும் இளம் இலைகளின் விளிம்பு பழுப்பாகக் கருகினால் பலர் முட்டை ஓட்டைத் தூவுகிறார்கள். அது கால்சியக் குறைதான். ஆனால் மண்ணில் இல்லாததால் வருவதைவிட, ஒரு நாள் காய்ந்து மறுநாள் ஊறும் நீர்ப்பாய்ச்சலாலும் காற்றோட்டக் குறைவாலும் இளம் இலைக்குப் போய்ச் சேராததால் வருவதே மிகுதி. ஈரத்தைச் சீராக்குங்கள். அசுவினி வந்தால் நீரைப் பீய்ச்சியே கழுவிவிடலாம்; வேப்பெண்ணெய் அடித்தால் அதன் கசப்பு இலையில் தங்கும்.

பிப்ரவரியில் தண்டு விடும் செடிகளுள், கடைசியாகத் தண்டு விட்ட ஒன்றை மட்டும் பிடுங்காமல் விடுங்கள். சிறு மஞ்சள் பூக்கள் தன் மகரந்தத்தாலேயே காய்த்து, பஞ்சு முளைத்த விதை தரும். வீரிய ஒட்டு ரகமாக இல்லாவிட்டால் தாய்ச்செடியைப் போலவே வரும். காயவைத்துக் காற்றுப் புகாத புட்டியில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த நவம்பருக்கு ஆகும்.