சுவிஸில் சம்பளம் பரவாயில்லை, காசு எங்கே போகிறது?

பி விசா (வதிவிட அனுமதி) போய் சி விசா (நிரந்தர வதிவிட அனுமதி) வந்துவிட்டது. அடுத்த மாதமே கையில் வரும் சம்பளம் 500 பிராங்க்குக்கு மேல் கூடியிருக்கிறது. கார் லீசிங் எடுக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே? (பேர்ன்)

சரியில்லை தம்பி. அது கூடிய சம்பளம் இல்லை, உங்கள் வரிக்காசு. பழைய சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள், ‘குவெல்லன்ஸ்டொயர்’ என்று ஒரு கழிவு இருக்கும், சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி அது. இதுவரை முதலாளி அதைக் கழித்து வரிக் கந்தோருக்குக் கட்டினார். சி கிடைத்தால் அந்தக் கழிவு நின்றுவிடும், இனி நீங்களே கட்ட வேண்டும். பில் உடனே வராது, அதுதான் ஆபத்து. வரும்போது பல மாதக் கணக்கு ஒன்றாக வந்து நிற்கும்.

குவெல்லன்ஸ்டொயராக எவ்வளவு கழிந்ததோ, அதே தொகையைச் சம்பளம் விழும் மறுநாளே வேறு கணக்குக்கு மாற்றுங்கள். வங்கியில் நிரந்தரக் கட்டளை கொடுத்துவிட்டால் கை தடுமாறாது. முன்கூட்டியே தவணையாகக் கட்டவும் உங்கள் வரிக் கந்தோரில் கேட்கலாம். கட்டாமல் விட்டால் ‘பெட்ரைபுங்’ (கடன் வசூல் நடவடிக்கை) பதிவு விழும். பிறகு புது வீடு தேடும்போது அந்தப் பதிவுச் சான்றைத்தான் வீட்டுக்காரர் முதலில் கேட்பார். லீசிங் கதையை முதல் வரி பில் கட்டிய பிறகு பேசுவோம்.

ஒவ்வொரு மாதமும் எழுதி வைத்துத்தான் செலவழிக்கிறோம். ஆனாலும் ஜனவரியில் கடன். (லுட்சேர்ன்)

மாதச் செலவை எழுதியிருப்பீர்கள், வருடச் செலவை எழுதியிருக்க மாட்டீர்கள். சேராஃபே (வானொலி, தொலைக்காட்சி) கட்டணம் 335 பிராங்க், கார் வரி, கார் காப்புறுதி, வீட்டுப்பொருள் காப்புறுதி, பல் வைத்தியம், வீட்டு ‘நேபன்கொஸ்டன்’ (வாடகையோடு சேரும் சூடாக்கல், தண்ணீர் போன்ற செலவு) மீதி, ஊருக்கு டிக்கெட். வருடம் முழுக்க வரும் இவற்றை ஒரே தாளில் எழுதி, கூட்டி, 12ஆல் பிரியுங்கள். அந்தத் தொகை வாடகையைப் போல மாதாமாதம் போக வேண்டிய காசு. 13ஆவது சம்பளம் வந்தால் இந்தக் கணக்குக்கு முதலிடம் கொடுங்கள். உணவகத் தொழிலில் அது ஒப்பந்தப்படியே உரிமை. டிசம்பரில் நகை பார்ப்பதைத் தள்ளி வைக்கலாம்.

கிராங்கன்காசாவில் (மருத்துவக் காப்புறுதியில்) ஃபிராஞ்சிஸ், அதாவது வருடத்தில் முதலில் நாமே கட்ட வேண்டிய மருத்துவச் செலவு, 300 நல்லதா, 2500 நல்லதா? (சூரிச்)

நடுவில் இருப்பவற்றை விட்டுவிடுங்கள், போட்டி இந்த இரண்டுக்கும்தான். 2500 எடுத்தால் காப்புறுதிக்கு மாதாமாதம் கட்டும் தவணையில் வருடத்துக்கு அதிகபட்சம் 1540 பிராங்க் மிச்சம். அதற்கு மேல் சட்டம் கழிவு கொடுக்க விடாது. கணக்குப் போட்டால், வருட மருத்துவச் செலவு ஏறக்குறைய 2000 பிராங்க்கைத் தாண்டுமென்றால் 300, அதற்குக் கீழே என்றால் 2500. மோசமான வருடத்தில் 300 எடுத்தவர் கையிலிருந்து 1000 போகும், 2500 எடுத்தவரிடமிருந்து 3200 போகும் (ஃபிராஞ்சிஸுக்கு மேல் வரும் செலவில் நாம் கட்டும் 10 சதவீதப் பங்கு, அதிகபட்சம் 700, இரண்டிலும் சேர்ந்து). அந்த 3200 வங்கியில் இல்லாதவர் 2500 எடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். பிரஷர், சுகர் மாத்திரை எடுப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், 300தான்.

பிள்ளைகளுக்கு ஃபிராஞ்சிஸ் இல்லாமல் எடுக்கலாம். நிறுவனம் மாற விரும்பினால் விலகல் கடிதம் நவம்பர் 30க்குள் பழைய நிறுவனத்தின் கையில் கிடைத்திருக்க வேண்டும், தபாலில் போட்ட தேதி செல்லாது. அடிப்படைக் காப்புறுதிக்கு எந்த நோய் இருந்தாலும் மறுக்க முடியாது. ஆனால் பழைய பாக்கி இருந்தால் மாற விடமாட்டார்கள். வருமானம் குறைவானவர்கள் ‘பிரேமியன்ஃபெர்பில்லிகுங்’ (காப்புறுதித் தவணையைக் குறைக்கும்) உதவித்தொகைக்கு உரியவர்களா என்று தங்கள் கன்டோனில் (மாநிலத்தில்) பார்க்கவும். சில கன்டோன்களில் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

சாமான் வாங்க ஜெர்மனிக்குப் போவது இன்னும் லாபமா? (பாசல்)

எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்களுக்கு லாபம்தான், அளவோடு. 2025 ஜனவரியிலிருந்து ஓர் ஆளுக்கு வரியில்லாத வரம்பு 300லிருந்து 150 பிராங்க்காகக் குறைந்துவிட்டது. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ. மீனுக்கு அந்தக் கிலோக் கணக்கு இல்லை. சூரிச்சிலிருந்து ஆட்டிறைச்சிக்காக மட்டும் காரெடுத்துப் போகிறவர்கள் பெட்ரோல் காசையும் எழுதிப் பார்க்கட்டும்.

ஊரில் அம்மா அப்பாவுக்கு மாதம் 300 அனுப்புகிறோம். இங்கே கலியாணவீடு, சாமத்தியவீடு என்று வேறு. எதைக் குறைப்பது? (சூரிச்)

அம்மா அப்பாவுக்கு அனுப்புவதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அதை மிச்சத்திலிருந்து அனுப்பாமல், வாடகைக்குக் கீழே தனிச் செலவாக எழுதுங்கள். வங்கி வழியாக, அவர்கள் பெயருக்கே அனுப்புங்கள். அவர்கள் உங்களை நம்பித்தான் வாழ்கிறார்கள் என்று காட்ட முடிந்து, தொகையும் தேவையான அளவு இருந்தால் வரிப் படிவத்தில் கழிவு கேட்க இடமுண்டு. ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட்ட காசுக்கு என்ன ஆதாரம் காட்டுவீர்கள்?

கொண்டாட்டங்களுக்கு வருடத் தொகை ஒன்றை முதலே வையுங்கள். முடிந்தால் முடிந்ததுதான், அடுத்த அன்பளிப்பு என்வலப் சின்னதாகப் போகட்டும். அப்புறம், வரிக்காசைச் சீட்டில் போடாதீர்கள். சீட்டுப் பிடிப்பவர் தடுமாறினால் வரிக் கந்தோர் காத்திருக்காது.

வாடகையைக் குறைக்கக் கேட்கலாமா? (வின்டர்தூர்)

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ‘ரெஃபரன்ஸ்’ வட்டியை (வாடகையைக் கூட்டவும் குறைக்கவும் அடிப்படையாக வைக்கும் வட்டி வீதத்தை) பாருங்கள். 2023 டிசம்பரில் 1.75 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 1.25 ஆனது. உங்கள் வாடகை 1.75இல் கணக்கிடப்பட்டிருந்தால் 5.66 சதவீதம் குறைக்கக் கேட்கலாம், 1800 பிராங்க் வாடகையில் மாதம் ஏறக்குறைய 100. விலைவாசியைக் காட்டி வீட்டுக்காரர் அதில் கொஞ்சம் கழிப்பார். அவர் தானாகக் குறைக்க மாட்டார், பதிவுத் தபாலில் நீங்கள்தான் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் சமரச சபைக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை.