இருதலைக் காண்டைல் முதலிய அரிய தாடை மூட்டு அமைப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: ஓபிஜி (முழுத் தாடையையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே) படத்தில் வலப்பக்கக் காண்டைல் பிளந்திருப்பதாக எழுதியுள்ளனர். எலும்பு முறிந்துவிட்டதா?

பதில்: அவ்வாறு அஞ்ச வேண்டாம். காண்டைல் எனப்படும் கீழ்த்தாடைத் தலையின் உச்சியில் ஒரு பள்ளம் விழுந்து, அது சிலருக்கு மேலோட்டமாகவும் சிலருக்கு இரு தனித் தலைகளாகப் பிரியும் அளவு ஆழமாகவும் அமைவதுண்டு. பலருக்கு இதனால் தொல்லை இராது. ஆனால் ஓபிஜியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். வளைந்த தாடையை விரித்துக் காட்டும் அப்படத்தில் மூட்டு சாய்வாகவே பதிவாகும். சிபிசிடி எனப்படும் முப்பரிமாண ஸ்கேனின் குறுக்கு, நெடுக்கு வெட்டுகளே பள்ளத்தின் ஆழத்தையும் திசையையும் காட்டும்.

கேள்வி: இது பிறவியிலேயே அமைவதா, காயத்தால் வருவதா?

பதில்: இரண்டும் உண்டு. 1941இல் மானிடவியலாளர் ஹெர்ட்லிச்கா உலர்ந்த மண்டையோடுகளில் இதை விவரித்தார். வளரும் காண்டைலின் குருத்தெலும்பில் இரத்த நாளங்களைத் தாங்கிய தடுப்புகள் இருப்பதையும், அவை மறையாமல் நின்றால் தலை பிளவுபடக்கூடும் என்பதையும் 1957இல் ஆய்வாளர் பிளாக்வுட் எடுத்துரைத்தார். மறுபுறம், சிறுவயதில் முறிந்த துண்டு இடம் மாறி ஒட்டிக்கொண்டாலும் இதே தோற்றம் உண்டாகும்.

கேள்வி: தலைகள் முன்பின்னாக இருந்தால் காயம், பக்கவாட்டில் இருந்தால் வளர்ச்சி என்று படித்தேனே? அந்த விதியையே அறிக்கையில் எழுதிவிடலாமே?

பதில்: எழுதக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காண்டைல் நெடுக்காகப் பிளந்து உள்துண்டு உட்புறமாகச் சாய்ந்து ஒட்டினால், தலைகள் பக்கவாட்டிலேயே அமையும். காயத்துக்குப் பின் மூட்டு இறுகிப்போனவர்களிடம் இத்தோற்றம் காணப்படுகிறது. ஆகவே காண்டைலுக்குக் கீழுள்ள கழுத்துப் பகுதியின் நீளம், மூட்டுக்குழியின் வடிவம், மறுபக்க மூட்டு, அடிபட்ட வரலாறு ஆகிய அனைத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கேள்வி: திசைவிதி ஓரளவாவது உதவாதா?

பதில்: ஐயத்தை எழுப்ப உதவும், தீர்ப்பளிக்க உதவாது.

கேள்வி: வாய் திறக்கும்போது "டக்" என்று ஒலிக்கிறது. சிபிசிடி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவ்வொலி பெரும்பாலும் மூட்டின் எலும்புகளுக்கிடையே மெத்தை போல் உள்ள மூட்டுவட்டு நழுவுவதால் எழுவது; வட்டைக் காட்டுவது எம்ஆர்ஐ. வலியோ தடையோ இல்லையெனில் அதுவும் தேவையில்லை.

கேள்வி: எனக்கும் ஒலி கேட்கிறது, ஓபிஜி போதுமா?

பதில்: மேலுள்ள விடையைப் படியுங்கள். ஓபிஜியில் வட்டு தெரியாது.

கேள்வி: மெல்லும்போது காதில் நீர் கசிகிறது. இதற்கும் மூட்டுக்கும் தொடர்புண்டா?

பதில்: இருக்கலாம். புறச் செவிக்குழாயின் முன்கீழ்ச் சுவரில் குழந்தைப் பருவத்தில் உள்ள ஹுஷ்கே துளை வழக்கமாக ஐந்து வயதளவில் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் வாயை மூடும்போது மூட்டின் மென்திசு காதுக்குள் புடைத்து, திறக்கும்போது உள்வாங்கும். அரிதாக உமிழ்நீரும் கசியும். காது மருத்துவரிடம் சென்று, பொட்டெலும்பின் நுண்வெட்டு சிடி பற்றிக் கேளுங்கள். மூட்டு ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கருவி செலுத்தி மூட்டினுள் பார்த்தல்) செய்யவிருப்பவர் இத்துளையை முன்பே அறிந்திருக்க வேண்டும். கருவி அதன் வழியே காதுக்குள் புகக்கூடும்.

கேள்வி: மூட்டுமேட்டில் (மூட்டுக்குழிக்கு முன்னுள்ள எலும்பு மேட்டில்) காற்றறைகள் இருப்பதாக அறிக்கை கூறுகிறது.

பதில்: இயல்பின் வேறுபாடே. மேட்டைச் செதுக்கும் அறுவை திட்டமிட்டிருந்தால் மட்டும் அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்.