கேள்வி பதில்: சிவப்பு வரைபடத்தில் நீலம் வென்றது எப்படி?

சுங்கை சிப்புட் வாசகர்களிடமிருந்து ஒரே பொருளில் பல கேள்விகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அதிபர் தேர்தலின்போது கவுண்டிகள் (மாநிலத்தின் உட்பிரிவுகள்) எப்படி வாக்களித்தன என்பதுதான் அந்தப் பொருள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: ஐயா, நான் ஆறாம் படிவ மாணவி. 2020 தேர்தலின் ஜார்ஜியா வரைபடத்தைப் பார்த்தேன். மாநிலமே சிவப்பாக இருக்கிறது, நீலம் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் தெரிகிறது. ஆனால் வென்றது நீலக்கட்சியின் பைடன். எப்படி?

பதில்: ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள். அவற்றில் 129 குடியரசுக் கட்சியின் (சிவப்பு) டிரம்புக்கு, 30 ஜனநாயகக் கட்சியின் (நீலம்) பைடனுக்கு. நீ பார்த்த படம் சரிதான். ஆனால் கவுண்டிக் கணக்கில் யாரும் வெல்வதில்லை. மாநிலம் முழுவதும் விழுந்த ஓட்டைக் கூட்டி, ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலத்துக்குள்ள 16 தேர்வாளர் வாக்குகளும் போகும். பைடன் பெற்றது 24,73,633, டிரம்ப் பெற்றது 24,61,854. வித்தியாசம் 11,779. ஏறத்தாழ 50 லட்சம் ஓட்டில் இது கால் விழுக்காடுகூட இல்லை.

நிறம் நிலத்தைக் காட்டுகிறது, ஆளைக் காட்டவில்லை. டாலிவர் என்ற சிறு கவுண்டியில் அந்தத் தேர்தலில் விழுந்த ஓட்டு ஆயிரத்தைத் தொடவில்லை. அட்லாண்டா நகரின் பெரும்பகுதி அடங்கிய ஃபுல்டன் கவுண்டியிலோ பைடனுக்கு மட்டும் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் ஓட்டு. அந்த ஒரு கவுண்டி தந்த முன்னிலையே 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல். நம் பேராக்கிலும் இதே கதைதான். கெரிக் தொகுதி பரப்பளவில் ஈப்போ தீமோரைப் பல மடங்கு விழுங்கிவிடும், வாக்காளர்களோ ஈப்போ தீமோரில்தான் அதிகம்.

இன்னொன்றையும் கவனி. மூன்றாவதாக வந்த லிபர்டேரியன் கட்சியின் ஜோ ஜார்கன்சன் வாங்கியது 62,229 ஓட்டு. வெற்றி வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அதனால்தான் பைடன் 50 விழுக்காட்டைத் தொடாமல் 49.5க்கு அருகில் நின்று வென்றார். ஜார்ஜியாவில் செனட் தேர்தல் என்றால் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காதபோது மறுசுற்று உண்டு. அதிபர் தேர்தலுக்கு அது கிடையாது.

கேள்வி: கவுண்டி என்பது நம் டாயிரா (மாவட்டம்) மாதிரியா?

பதில்: அளவில் ஏறத்தாழ அப்படித்தான். அதிகாரத்தில் இல்லை. நம் மாவட்ட அதிகாரி அரசாங்கம் நியமிப்பவர். அங்கே கவுண்டியின் ஆணையர்களையும் ஷெரீஃபையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சாவடி அமைப்பதும் ஓட்டு எண்ணுவதும் கவுண்டியின் வேலை. நம் நாட்டில் ஒரே தேர்தல் ஆணையம் எல்லாவற்றையும் நடத்துவதுபோல் அங்கு இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

கேள்வி: 2016இல் டிரம்ப் வென்ற மாநிலம் 2020இல் பைடனுக்குப் போனதே, எந்தெந்தக் கவுண்டிகள் கட்சி மாறின? நானே கணக்குப் போட்டுப் பார்க்க வழி சொல்லுங்கள். — ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, பைடன் பக்கம் ஒரு கவுண்டிகூட மாறவில்லை. 2016இல் ஹிலாரி கிளின்டன் 31 கவுண்டிகளில் வென்றார். 2020இல் பைடன் வென்றது 30. கைமாறிய ஒரே கவுண்டியான பர்க், டிரம்ப் பக்கம்தான் போனது. அப்படியும் 2016இல் 2,11,141 ஓட்டில் தோற்ற கட்சி 2020இல் 11,779 ஓட்டில் வென்றது. மாநிலம் மொத்தத்தில் நகர்ந்தது 2 லட்சத்து 23 ஆயிரம் ஓட்டு. எந்தக் கவுண்டி எந்த நிறம் என்று பட்டியல் எடுப்பவருக்கு இந்த நகர்வு கண்ணில் படவே படாது. நீங்கள் எடுக்க வேண்டியது வித்தியாசம், அதைவிட முக்கியமாக வித்தியாசத்தின் மாற்றம்.

வழி இதுதான். ஜார்ஜியா மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் தளத்தில் கவுண்டிவாரி முடிவுகள் கிடைக்கும். 2016, 2020 இரண்டையும் இறக்குங்கள். எக்செலில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, மற்றவர்கள், மொத்தம் என நான்கு பத்தி போதும். அடுத்த பத்தியில் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அது ஓட்டு வித்தியாசம். அதை மொத்த ஓட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசம். வகுக்கும்போது மற்றவர்களின் ஓட்டையும் மொத்தத்தில் சேர்க்க வேண்டும். பலர் இரு கட்சிகளை மட்டும் கூட்டி வகுத்துவிட்டு, அச்சில் வந்த விழுக்காட்டோடு ஒத்துவரவில்லையே என்று குழம்புகிறார்கள். கடைசியாக, 2020 வித்தியாசத்திலிருந்து 2016 வித்தியாசத்தைக் கழித்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள்.

அடுக்கிய உடனே அட்லாண்டாவின் புறநகர்கள் மேலே மிதந்து வரும். காப் கவுண்டியில் கிளின்டனின் முன்னிலை சுமார் 7 ஆயிரம், பைடனின் முன்னிலை 56 ஆயிரத்துக்கு மேல். குவினெட்டில் 19 ஆயிரமாக இருந்தது 75 ஆயிரமானது. இந்த இரண்டு கவுண்டிகளே மாநில நகர்வில் பாதிக்கு அருகில் கொடுத்துவிட்டன. ஜிம்மி கார்ட்டர் வென்ற 1976க்குப் பிறகு இவ்விரண்டும் ஜனநாயகக் கட்சிக்கு விழுந்ததே 2016இல்தான். தெற்கே ஹென்றி கவுண்டியும் நகர்ந்தது. 2012இல் ஒபாமா அங்கே தோற்றார், 2016இல் கிளின்டன் குறுகிய வித்தியாசத்தில் வென்றார், 2020இல் பைடனுக்கு 60 விழுக்காட்டை ஒட்டிக் கிடைத்தது.

ஓட்டு வித்தியாசம், புள்ளி வித்தியாசம் இரண்டையும் போடச் சொன்னதற்குக் காரணம் ஃபோர்சைத் கவுண்டி. டிரம்பின் முன்னிலை 2016இல் அங்கே சுமார் 47 புள்ளி, 2020இல் 33 புள்ளி. பெரிய சரிவுதான். ஆனால் ஓட்டாக எண்ணினால் 46 ஆயிரத்திலிருந்து 43 ஆயிரத்துக்குத்தான் இறங்கியது, ஏனென்றால் வாக்களித்தவர் தொகையே மளமளவென்று கூடிவிட்டது. புள்ளியை மட்டும் பார்ப்பவர் ஃபோர்சைத்தால் மாநிலம் கவிழ்ந்தது என்பார், ஓட்டை மட்டும் பார்ப்பவர் அங்கே எதுவும் நடக்கவில்லை என்பார். இருவரும் தவறு.

பெயரில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. மேக்கன் நகரம் பிப் கவுண்டியில் இருக்கிறது, மேக்கன் கவுண்டி வேறு இடம். அட்லாண்டா நகர எல்லை ஃபுல்டனிலும் டிகால்பிலும் பரவியிருக்கிறது. பெயரை நம்பி இரண்டு பட்டியல்களை ஒட்டினால் டிகால்பை ஒன்றில் சேர்த்தும் மற்றொன்றில் பிரித்தும் எழுதியிருப்பார்கள், அந்த வரி காணாமல் போகும். ஆகவே ஒவ்வொரு கவுண்டிக்கும் உரிய ஐந்திலக்க எண்ணை (FIPS) வைத்தே ஒட்டுங்கள். ஜார்ஜியாவுக்கு முதலிரு இலக்கம் 13, ஃபுல்டன் 13121, காப் 13067. நாளை அலபாமாவுக்கு இதைச் செய்தால் அதன் எண் 01இல் தொடங்கும், எக்செல் முன்னிருக்கும் சுழியத்தைத் தின்றுவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவமாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தேர்தல் இரவில் டிரம்ப் முன்னணியில் இருந்தார், இரண்டு மூன்று நாளில் தலைகீழானது. திருட்டு இல்லாமல் இது நடக்குமா? — லாரி ஓட்டுநர்

பதில்: நடக்கும், நடந்தது. தேர்தல் நாள் 2020 நவம்பர் 3. சிறு கவுண்டிகள் இரவே எண்ணி முடித்துவிட்டன. தேர்தலன்று நேரில் வந்து போட்டவர்களில் டிரம்ப் ஆதரவாளர்களே அதிகம். தபாலில் வந்த சுமார் 13 லட்சம் ஓட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைடனுக்கு. தபால் ஓட்டுக்கு வேலை அதிகம். உறையில் உள்ள கையெழுத்தைப் பதிவேட்டோடு சரிபார்க்க வேண்டும், உறையைக் கிழித்து மடிப்பு நீக்கி வருடியில் (ஸ்கேனர்) ஓட்ட வேண்டும், இயந்திரம் படிக்காத சீட்டைக் குழுவாக உட்கார்ந்து வேறு சீட்டில் படியெடுக்க வேண்டும். அது குவிந்து கிடந்ததோ அட்லாண்டாவைச் சுற்றிய பெரிய கவுண்டிகளில். நவம்பர் 6 விடியற்காலையில் கிளேட்டன் கவுண்டியின் எண்ணிக்கை வந்தபோது பைடன் முந்தினார்.

பிழைகள் இல்லாமல் இல்லை. ஃபிளாய்ட் கவுண்டியில் சுமார் 2,600 சீட்டுகள் எண்ணிக்கையில் சேராமல் போயின. ஃபேயட் கவுண்டியில் ஒரு நினைவக அட்டையை மையக் கணினியில் ஏற்ற மறந்ததால் 2,755 ஓட்டு விடுபட்டது. சீட்டுகளையெல்லாம் கையால் எண்ணிய தணிக்கைதான் இவற்றைப் பிடித்துக்கொடுத்தது. இரண்டிலும் கூடுதல் பயன் டிரம்புக்கே. அதனால் 14 ஆயிரத்தை ஒட்டியிருந்த பைடனின் முன்னிலை 12,670 ஆனது. வித்தியாசம் அரை விழுக்காட்டுக்குள் இருந்தால் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்கலாம். டிரம்ப் கேட்டார், இயந்திரத்தில் மறுபடி எண்ணினார்கள், 11,779 என்று முடிந்தது. மூன்று முறை எண்ணியும் வென்றவர் மாறவில்லை. சீட்டு காகிதமாக இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது. காகிதம் இல்லாத ஓட்டுக்கு மறு எண்ணிக்கை என்று சொல்லிக்கொள்வதில் பொருளே இல்லை.

கேள்வி: அட்லாண்டாவை விட்டால் மாநிலத்தின் நடுவில் கிழக்கு மேற்காக ஒரு நீலப் பட்டை தெரிகிறதே? பட்டணம் ஒன்றும் பெரிதாக இல்லை. — தோட்டத்துக் கிராணி

பதில்: அதற்கு பிளாக் பெல்ட் என்று பெயர். ஹான்காக், வாரன், டால்பட், மேக்கன், ஸ்டூவர்ட், ராண்டால்ஃப் எல்லாம் அதில் அடங்கும். பருத்தித் தோட்டங்கள் நிறைந்திருந்த நிலம் அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களை அங்கேதான் அதிகம் வைத்திருந்தார்கள். 1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகும் அவர்களில் பலர் விளைச்சலில் பங்கு தரும் வாரமுறையில் உழுது அந்த மண்ணிலேயே தங்கினார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அவர்களால் தடையின்றி ஓட்டுப் போட முடிந்தது. பயிர் போய் நூறாண்டு கழிந்தும் பயிர் குடியேற்றிய மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை ஓட்டு காட்டுகிறது. ரப்பருக்காகத் தோட்டம் தோட்டமாகக் குடிவைக்கப்பட்ட நம்மவர் ஓட்டு பேராக்கிலும் சிலாங்கூரிலும் கெடாவிலும் எங்கே திரண்டிருக்கிறது என்று அறிந்த கிராணிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பட்டை தேய்கிறது. இளையவர்கள் அட்லாண்டா பக்கம் போய்விடுகிறார்கள். 2024இல் பால்ட்வின், ஜெஃபர்சன், வாஷிங்டன் கவுண்டிகள் டிரம்ப் பக்கம் சாய்ந்தன. அந்த ஆண்டு அவர் மாநிலத்தை ஒரு லட்சத்து 15 ஆயிரம் ஓட்டில் திரும்பப் பிடித்தார். அதே தேர்தலில் ஹென்றி கவுண்டியிலோ ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிசின் விழுக்காடு பைடனுடையதைத் தாண்டியது.

கேள்வி: கிராமப்புறக் கவுண்டிகளுக்கு ஓட்டில் கூடுதல் எடை கொடுத்தால் என்ன? நம் நாட்டில் அப்படித்தானே?

பதில்: ஜார்ஜியா அதைச் செய்து பார்த்த மாநிலம். அதிபர் தேர்தலில் அல்ல, ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில். அந்தக் காலத்தில் அங்கே அந்தக் கட்சியின் வேட்பாளரே கவர்னர் என்பதால் அதுதான் உண்மையான தேர்தல். 1917இல் சட்டமாக்கினார்கள். மிகப் பெரிய 8 கவுண்டிகளுக்குத் தலா 6 அலகு, அடுத்த 30க்குத் தலா 4, மீதி 121க்குத் தலா 2. கவுண்டியில் முதலாவதாக வந்தவருக்கு எல்லா அலகும். ஆக மூன்று குட்டிக் கவுண்டிகள் சேர்ந்தால் ஃபுல்டனுக்குச் சமம். 1960 கணக்கெடுப்பின்படி எக்கோல்ஸ் கவுண்டியில் 938 பேருக்கு ஓர் அலகு, ஃபுல்டனில் 92,721 பேருக்கு ஓர் அலகு. 1946இல் ஜேம்ஸ் கார்மைக்கேல் அதிக ஓட்டு வாங்கியும் அலகுக் கணக்கில் யூஜின் டால்மேஜிடம் தோற்றார்.

இந்த முறையால் அடிபட்டது அட்லாண்டாவில் மெல்ல ஓட்டுரிமை பெற்றுவந்த கறுப்பின மக்களும் ஆலைத் தொழிலாளர்களும். கிராமத்து ஏழைக்கு இதனால் எதுவும் கிடைத்துவிடவில்லை. கவுண்டியைக் கையில் வைத்திருந்த நாலு பெரிய மனிதர்களுக்குத்தான் ஆதாயம். 1963இல் கிரே எதிர் சாண்டர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 8க்கு 1 என்று இந்த முறை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஓர் ஆள், ஓர் ஓட்டு என்ற கொள்கை அந்தத் தீர்ப்பில்தான் அழுத்தமாகச் சொல்லப்பட்டது.

நம் நாட்டில் 1957இல் அரசியலமைப்பு தொகுதிகளுக்கிடையே 15 விழுக்காடு வரைதான் ஏற்றத்தாழ்வை அனுமதித்தது. 1962இல் கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதியாக இருக்கலாம் என்று தளர்த்தினார்கள், 1973இல் அந்த வரம்பும் போயிற்று. 2022 பொதுத் தேர்தலில் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர், சரவாக்கின் இகானில் 30 ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒரே ஓர் உறுப்பினர். சாலை இல்லாத ஊருக்குத் தொகுதி சிறிதாக இருக்கட்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பத்து மடங்குக்கு நியாயம் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போன நம் பிள்ளைகளின் ஓட்டுத்தான் இதில் இலேசாகிறது.

கேள்வி: ஃபோர்சைத், குவினெட் பக்கம் நம் தமிழர்கள், தெலுங்கர்கள் நிறைய இருக்கிறார்களாமே. அவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று கவுண்டி முடிவைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. இந்தியர் கூடிய கவுண்டியில் ஒரு கட்சிக்கு ஓட்டுக் கூடினால், கூட்டியது இந்தியர்தான் என்று ஆகிவிடாது. அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மனம் மாறியிருக்கலாம், புதிதாக வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள் போட்டிருக்கலாம். நம் ஊரில் வாக்குச்சாவடியின் ஒவ்வொரு சாலுரானுக்கும் (ஓட்டு வரிசைக்கும்) எண்ணிக்கைப் படிவமான பாரம் 14 கிடைக்கிறது, வாக்காளர்களை வயதுவாரியாகச் சாலுரானில் பிரிப்பதால் முதியவர் பெட்டி எது, இளையவர் பெட்டி எது என்றாவது தெரியும். அங்கே வாக்குச்சாவடி முடிவு முகவரிப்படிதான் பிரியும். ஜார்ஜியாவில் வாக்காளர் பதிவின்போது இனம் கேட்கிறார்கள், ஆகவே எந்த இனத்தவர் எத்தனை பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்பதை எண்ணலாம். ஆனால் அந்தப் படிவத்தில் ஆசியர், பசிபிக் தீவினர் எல்லோருக்கும் ஒரே கட்டம். தமிழர், கொரியர், வியட்நாமியர் எல்லோரும் அதற்குள் அடங்கிவிடுகிறார்கள். பெயரை வைத்துப் பிரிப்பவர்கள் உண்டு, ஆனால் தாமஸ், ஜோசப் என்று பெயர் வைத்த மலையாளியும் தமிழரும் அந்தச் சல்லடையில் விழமாட்டார்கள்.