கேரர்ஸ் அலவன்ஸ்: ‘தகுதி உண்டு, பணம் இல்லை’ என்று கடிதம் வந்தால்

பிரிட்டனில், பிறரைப் பராமரிப்போருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகையைக் கேட்டதற்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு, வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கான பென்ஷன் கிரெடிட் என்ற உதவிக்கு உடனே விண்ணப்பியுங்கள். கணவரைப் பராமரிக்கும் உங்களுக்குத் தகுதி உண்டு, ஆனால் பணம் தர இயலாது என்று அதில் எழுதியிருப்பது நிராகரிப்பு ஆகாது.

உங்கள் அரசு ஓய்வூதியமே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும். பிரிட்டனில் அரசு ஓய்வூதியம், கேரர்ஸ் அலவன்ஸ் இரண்டையும் ஒருவருக்கு முழுமையாகச் சேர்த்துத் தருவதில்லை. 2025-26இல் கேரர்ஸ் அலவன்ஸ் வாரம் 83.30 பவுண்டாக இருந்தது; ஓய்வூதியம் அலவன்ஸ் தொகையைத் தாண்டினால் தகுதி மட்டும் ஏட்டில் நிற்கும், குறைந்தால் வித்தியாசத் தொகை வரும்.

ஏட்டில் நிற்கும் அந்தத் தகுதிக்கு மதிப்பு இருக்கிறது. அதைக் காட்டினால் பென்ஷன் கிரெடிட்டுக்கான வார வருமான வரம்பு உயரும் (2025-26இல் 46.40 பவுண்டு கூடி, தம்பதியருக்கான 346.60 என்ற வரம்பு 393 ஆனது) என்பதால், முன்பு சில பவுண்டு வருமானம் கூடுதல் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இப்போது உள்ளே வரலாம். இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதே என் எண்ணம்.

விண்ணப்பிக்கும் முன், இருவரின் வார வருமானத்தையும் கூட்டிப் பாருங்கள். உடல்நலக் குறைவால் பிறர் உதவி தேவைப்படும் முதியோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கணவருக்கு வந்தால், அதைச் சேர்க்க வேண்டாம்; சேமிப்பு 10,000 பவுண்டைத் தாண்டினால், மேலுள்ள ஒவ்வொரு 500க்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானமாகக் கொள்ளுங்கள். தகுதி இருந்த காலத்துக்கு, மூன்று மாதம் வரை பின்தேதியிட்டும் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்களில் ஒருவர் இன்னும் ஓய்வூதிய வயதை எட்டவில்லை என்றால், 2019 மே முதல் உள்ள விதிப்படி, பெரும்பாலும் பென்ஷன் கிரெடிட்டுக்குப் பதிலாக, வேலை செய்யும் வயதினருக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவியைத்தான் நாட வேண்டியிருக்கும்.