இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள்

நண்பரே, கார் திடீரென்று திரும்பி உங்கள் பைக்கில் மோதி, மணிக்கட்டு முறிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் காப்பீட்டுக்காரர்கள் ஒரு தொகை சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்கிறீர்கள். தயவுசெய்து பொறுங்கள். அது இறுதித் தீர்வு என்று எழுதிய தாளாக இருந்தால், மாவுக்கட்டுப் பிரித்த பிறகு விரல் சரியாக மடங்கவில்லை என்றாலும் மறுபடி கேட்பது மிகவும் கஷ்டம். எலும்பு கூடி, எவ்வளவு குறை நிற்கிறது என்று மருத்துவர் எழுதித் தரட்டும்.

அப்புறம், பைக்கைப் பழுதுபார்க்க விடும் முன் படமெடுங்கள். கீறல் விழுந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சட்டைப் பொத்தான் போட முடியாத நாள், சம்பளம் போன நாள் எல்லாவற்றையும் தேதியோடு குறியுங்கள். வழக்குக்குக் காலக்கெடு இருக்கும், வக்கீலை இந்த வாரமே பாருங்கள்.