ரெண்டர் செய்த படம் வேறு கணினியில் இருண்டு தெரிவது ஏன்?

கேள்வி: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்த (கணினி கணக்கிட்டு உருவாக்கிய) வீட்டு உட்புறப் படம் என் கணினியில் தெளிவாக இருக்கிறது. அதையே இஎக்ஸ்ஆர் கோப்பாக அனுப்பினால், அலுவலகக் கணினியில் இருண்டு, நிறம் கடுத்துத் தெரிகிறது. மானிட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: மானிட்டரை மாற்ற அவசரப்பட வேண்டாம். இஎக்ஸ்ஆர் கோப்பு, ரெண்டரில் கணக்கிடப்பட்ட ஒளியின் அளவை நேர்விகிதத்தில் அப்படியே சேமிக்கிறது. மானிட்டரோ, ஏறத்தாழ 2.2 காமா வளைவுக்கு (இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் எண்களை ஒதுக்கும் முறை) மாற்றப்பட்ட எண்களையே எதிர்பார்க்கிறது. உங்கள் கணினியில் பிளெண்டர் அந்த மாற்றத்தைச் செய்துதான் படத்தைக் காட்டுகிறது. ஆனால் அது இஎக்ஸ்ஆர் கோப்பில் பதிவாவதில்லை. மாற்றாமல் திரைக்கு அனுப்பினால், எஸ்ஆர்ஜிபி என்ற, திரைகளுக்கான பொது நிற முறையில் 255க்கு 118 என்று அமைய வேண்டிய 18 சதவீதச் சாம்பல் நிறம் 46இலேயே நின்றுவிடும். நீங்கள் காணும் இருட்டு பெரும்பாலும் இதுதான்.

இதற்காகக் காட்சியில் விளக்குகளைக் கூட்டுவது பெருந்தவறு, ஏனெனில் சரியாகக் காட்டும் கணினியில் அதே படம் வெளுத்துப்போகும். பார்வைக்கு மட்டுமென்றால் பிஎன்ஜியாகச் சேமித்து அனுப்புங்கள். பிளெண்டர் அதில் மாற்றத்தைச் சேர்த்தே எழுதும். இஎக்ஸ்ஆரே தேவையென்றால், அங்குள்ள மென்பொருளில் கோப்பை நேர்விகித வகையாகக் குறித்து, நீங்கள் பயன்படுத்திய அதே காட்சி மாற்றத்தை (ஒளியின் எண்களைத் திரைக்கேற்ப மாற்றும் அமைப்பு; பிளெண்டர் 4.0 முதல் இயல்பாக வருவது ஏஜிஎக்ஸ்) தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதன் பிறகும் நிறம் மிகையாகத் தெரிந்தால், அது விரிநிற மானிட்டராக (வழக்கத்தைவிடக் கூடுதல் நிறங்களைக் காட்டுவது) இருக்கலாம். அதனை எஸ்ஆர்ஜிபி நிலையில் வைத்துப் பாருங்கள்.